உயர் நீதிமன்றத்துக்கு அடியில் ஓர் ஊர்: ஜார்ஜ் டவுன் உருவான கதை

கல்யாணப் பத்திரிகை அடிக்கணுமா? ‘ஆண்டர்சன் தெருவுக்குப் போ’ என்பார்கள். மொத்த விலையில் துணி வேணுமா? கோடவுன் தெரு. கண்ணாடியும் பூஜை சாமானும் தேவராஜ முதலி தெருவில். கெமிக்கல் வேண்டுமென்றால் நைனியப்ப நாயக்கன் தெரு. எந்தத் தெரு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சென்னைக்காரர்களிடம் பொதுவாக ஒரு பதில் இருக்கிறது: ‘பாரிஸ்ல கிடைக்கும், போய்ப் பாரு.’

ஆன்லைனில் எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் காலத்திலும் இந்தப் பதில் மாறவில்லை. ஆனால், நெரிசலும் மீன்பாடி வண்டிகளும் மூட்டைகளுமாக இருக்கும் இந்த ஜார்ஜ் டவுன், சென்னையின் முதல் ‘டவுன்’ கிடையாது. முதல் டவுன் இதற்குத் தெற்கே, இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. அதைப் புயலோ வெள்ளமோ அழிக்கவில்லை. உத்தரவு போட்டு இடித்தார்கள். ஏன்? அங்கிருந்து இந்த வியாபார நகரம் எப்படி உருவானது?

பாரிஸா, பாரிமுனையா, ஜார்ஜ் டவுனா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘பாரிஸ்’ என்பதற்கும் பிரான்ஸ் தலைநகருக்கும் தொடர்பில்லை. ‘பாரிமுனை’ என்பதற்கும் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலுக்கும் தொடர்பில்லை. 1788-ல் சென்னை வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரரின் பெயர்தான் அது. கடற்கரைச் சாலை திரும்பும் முனையில் அவருடைய நிறுவனம் இருந்ததால் அது ‘பாரிஸ் கார்னர்’ ஆனது. அந்த இடத்தில் இப்போது இருக்கும் டேர் ஹவுஸ் கட்டடம் 1940-ல் கட்டி முடிக்கப்பட்டது.

முனைக்குப் பின்னால் விரியும் மொத்தப் பகுதிதான் ஜார்ஜ் டவுன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கப்பட்ட பெயர் இது. அதுவரை ஆங்கிலேயர்களின் வரைபடங்களிலும் ஆவணங்களிலும் இதற்கு ‘பிளாக் டவுன்’, அதாவது கறுப்பர் பட்டணம் என்றே பெயர்.

எல்லைகளை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலை. தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை. மேற்கே வால்டாக்ஸ் சாலை. வடக்கே பழைய ஜெயில் சாலை. இதில் தெற்கு, மேற்கு, வடக்கு எல்லைகள் மூன்றும் போர் பயத்தில் போடப்பட்டவை.

வரி இல்லை, வாங்க!

1639-ல் கிழக்கிந்திய கம்பெனியின் பிரான்சிஸ் டே, உள்ளூர் நாயக்கரிடமிருந்து ஒரு கடற்கரைத் துண்டைப் பெற்றார். கம்பெனிக்கு வேண்டியது துணி. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் நல்ல கிராக்கி இருந்தது.

ஆனால் வெறும் மணல்வெளிக்கு நெசவாளியும் வியாபாரியும் ஏன் வருவார்கள்? அதற்காக கம்பெனி ஒரு சலுகையை அறிவித்தது: குடியேறுபவர்களுக்கு 30 ஆண்டுகள் வரிவிலக்கு. நெசவாளர்கள், சாயக்காரர்கள், தரகர்கள், துபாஷிகள் என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கோட்டைக்கு வடக்கே, அதன் சுவரை ஒட்டியே ஓர் ஊர் வளர்ந்தது.

கோட்டைக்குள் ஐரோப்பியர்கள் வாழ்ந்த பகுதி ‘ஒயிட் டவுன்’. வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதி ‘பிளாக் டவுன்’. நிறத்தை வைத்துப் பிரித்த நகரம் இது. அதற்குள்ளேயும் பிரிவினை இருந்தது. வலங்கை, இடங்கை என்று அணி பிரிந்திருந்த சாதிகளுக்கு இடையே, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்பதில் 1652-லும் 1707-லும் பெரிய மோதல்கள் வெடித்தன. தெருக்களைப் பங்கு பிரித்துத்தான் கம்பெனி அதிகாரிகள் சமரசம் செய்தார்கள்.

அந்த ஊருக்கு நடுவே ஒரு கோயிலும் இருந்தது. சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் உரிய அந்தக் கோயிலை ‘பட்டணம் கோயில்’ என்று மக்கள் அழைத்தார்கள்.

சொந்த ஊரையே ஏன் இடித்தார்கள்?

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. மூன்று ஆண்டுகள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. கோட்டையைப் பலப்படுத்த நினைத்த பிரெஞ்சுக்காரர்கள், வடக்குச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். எதிரி அந்த வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்து சுட முடியும் என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையின்படி 1749-ல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்ப வந்தது. ஊரின் மீதிப் பகுதி மட்டும் அப்படியே நின்றது.

அந்த மீதிக்கும் அதிக நாள் இருக்கவில்லை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மீண்டும் வந்தது. இந்த முறை அவர்கள் பிளாக் டவுனுக்குள் புகுந்து, அங்கிருந்தபடியே கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்த பிறகுதான் முற்றுகை விலகியது.

இதிலிருந்து கம்பெனி எடுத்துக்கொண்ட பாடம், கோட்டைக்கு அருகில் ஊரே இருக்கக் கூடாது என்பது. பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று மிச்சமிருந்த வீடுகளையும் அகற்றினார்கள். இப்படி உருவான காலி மைதானத்துக்கு ‘எஸ்பிளனேட்’ என்று பெயர். பழைய சென்னைக்காரர்கள் சிலர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்வதைக் கேட்கலாம்.

பட்டணம் கோயிலும் தப்பவில்லை. அதற்கு மாற்று நிலம் தரப்பட்டது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று புதுக் கோயிலைக் கட்டினார். தேவராஜ முதலி தெருவில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது அப்படித்தான். ‘இங்கே ஏன் ரெட்டைக் கோயில்?’ என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் பதில். அவை இரண்டும் இடம்பெயர்ந்த கோயில்கள்.

இந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்பதற்காக 1773-ல் கற்தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று டேர் ஹவுஸை ஒட்டி இன்னும் இருக்கிறது. தினமும் பல ஆயிரம் பேர் அதைக் கடந்து போகிறார்கள்.

அந்த வெட்டவெளியில்தான் 1892-ல் இந்தோ-சாரசெனிக் பாணி உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பக்கத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடம் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் கல்லறைத் தோட்டம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், சென்னையின் கவர்னராக இருந்தவர். அவருடைய சிறு வயது மகனின் கல்லறை இன்றும் அந்த வளாகத்தில் இருக்கிறது. இந்தியர்கள் வாழ்ந்த வீடுகளில் ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை.

வசூலாகாத வரிக்கு ஒரு சாலை

வீடு இழந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்ற இரண்டு பேட்டைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவை நிரம்பி, ஒன்று சேர்ந்து புது பிளாக் டவுன் ஆயின. இன்று நாம் பார்க்கும் ஜார்ஜ் டவுன் இதுதான்.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே தாழ்வான, தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தது. 1778-ல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தைச் சீர்செய்து அகலமான தெருவாக்கினார். அதுதான் பிராட்வே. அரசுப் பெயர்ப் பலகையில் இப்போது பிரகாசம் சாலை. மக்களுக்கு இன்னும் பிராட்வே.

மேற்குப் பக்கத்துக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1767-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்கள் வரை வந்துபோனது. பயந்துபோன கம்பெனி, புது ஊரைச் சுற்றி மதில் எழுப்பியது. செலவை யார் கொடுப்பது? மதிலுக்குள் வாழ்பவர்கள்தான் தர வேண்டும் என்று ‘வால் டாக்ஸ்’, அதாவது சுவர் வரி போடத் திட்டமிட்டார்கள். அது சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகம் எழுந்ததால், வரி வசூலிக்கப்படவே இல்லை என்கிறார்கள் வரலாற்றாளர்கள். மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதிலின் ஒரு துண்டைப் பார்க்க ஆசையா? பழைய ஜெயில் சாலையில் இருக்கும் மாடிப் பூங்கா அதன் மேல்தான் அமைந்திருக்கிறது.

இதே காலத்தில், 1772-ல், ஊரின் வடக்கே தோண்டிய கிணறுகளிலிருந்து கோட்டைக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஏழுகிணறு என்ற இடப்பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தெருப் பெயரே விசிட்டிங் கார்டு

இந்தப் பேட்டைகளில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதைத் தெருப் பெயர்களே சொல்லிவிடும்.

*அர்மேனியன் தெரு:* 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் அர்மேனிய வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். இங்குள்ள புனித மேரி அர்மேனியன் தேவாலயம் 1772-ல் கட்டப்பட்டது. உலகின் முதல் அர்மேனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-ல் அச்சானது அர்மேனியாவில் அல்ல, சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஷமாவோனியனின் கல்லறை இந்தத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

*பவளக்காரத் தெரு:* ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து, இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு. பிற்காலத்தில் நகரத்தார் இங்கே கிடங்குகளும் விடுதிகளும் வைத்தார்கள்.

*தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு:* கம்பெனியோடு வணிகம் செய்த உள்ளூர் வியாபாரிகளின் பெயர்களைத் தாங்கிய தெருக்கள். தம்புச் செட்டித் தெருவில்தான் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி இங்கே வந்து வழிபட்டார் என்கிறது கோயில் வரலாறு.

*தங்கசாலை:* நாணயச் சாலை இருந்ததால் வந்த பெயர். ஆங்கிலத்தில் மின்ட் தெரு. பக்கத்திலேயே சவுகார்பேட்டை. குஜராத்தி, மார்வாடி வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி என்று நான்கு மொழிகளை நாலு எட்டில் கேட்க முடியும்.

சரி, ஒரே சரக்கு விற்கும் கடைகள் ஏன் ஒரே தெருவில் குவிகின்றன? போட்டி அதிகமாகாதா? மொத்த வியாபாரத்தில் கணக்கு வேறு. வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒரே நாளில் பத்துக் கடை ஏறி விலை கேட்டுவிட முடியும். ஒரு கடையில் இல்லாத ரகத்தை, கடைக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார். சரக்கு ஏற்றும் ஆட்கள், லாரி புக்கிங் அலுவலகம், கடனுக்குச் சரக்கு தரும் பழக்கம் என எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். இந்த வலைப்பின்னலில் இருந்து ஒரு கடையை மட்டும் பிய்த்து வேறு இடத்தில் வைத்தால் அதற்குப் பாதிப் பலம்தான்.

பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே போச்சு?

சென்னைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் கேட்கும் கேள்வி: ‘பீச் ஸ்டேஷன்னு இறங்கினேன், பீச்சே இல்லையே?’

இருந்தது. ராஜாஜி சாலையின் பழைய பெயர் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’. அலை அந்தச் சாலை அருகே வரை வந்தது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். துறைமுகம் கட்டும் வேலை 1875-ல் தொடங்கியது. வேலை முடியும் நேரத்தில், 1881-ல் ஒரு புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் விரிய விரியக் கடல் கிழக்கே தள்ளப்பட்டது. துறைமுகச் சுவர்கள் மணல் நகரும் பாதையைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது.

துறைமுகம் வந்த பிறகு கடற்கரைச் சாலையில் வங்கிகளும் கம்பெனிகளும் மாளிகைகள் எழுப்பின. 1884-ல் ராபர்ட் சிஸம் வடிவமைத்த தலைமைத் தபால் நிலையம் திறக்கப்பட்டது. 1906 அக்டோபரில் இந்தத் தெரு ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தது. அர்பத்நாட் என்ற ஆங்கிலேய வங்கி நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு காணாமல் போனது. இந்தியர்களுக்கென்று சொந்த வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் முயன்றதில் 1907-ல் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. அர்பத்நாட் இருந்த இடத்துக்கே பின்னாளில் அந்த வங்கி குடிவந்தது.

போனவை எத்தனை, வந்தவை எத்தனை?

‘பாரிஸ் அவ்வளவுதான், இனி காலி’ என்ற பேச்சு புதிதல்ல. ஒவ்வொரு தலைமுறையும் இதைக் கேட்டிருக்கிறது. இங்கிருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரம் போனது. பச்சையப்பன் கல்லூரி 1940-ல் சேத்துப்பட்டு பக்கம் போனது. நகரத்துக்கே காய்கறி கொடுத்த கொத்தவால்சாவடிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 2002-ல் வெளியூர்ப் பேருந்துகளும் பிராட்வேயை விட்டு கோயம்பேடு போயின.

ஆனால் ஒவ்வொரு முறையும் காலியான இடத்தை வேறு யாரோ நிரப்பினார்கள். இதற்குச் சிறந்த உதாரணம் பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969-ல் ராஜாஜி சாலை ஓரத்தில் சிறு கடைகள் உருவாயின. வெளிநாட்டுப் பொருள் என்றாலே பர்மா பஜார் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் பாதிப்பேர் அத்தோவும் பேஜோவும் சாப்பிடத்தான் போகிறார்கள்.

வீடு இடிந்து வடக்கே வந்த நெசவாளியும், ரங்கூனை விட்டு வந்த கடைக்காரரும் ஒரே காரணத்துக்காகத்தான் இங்கே வந்தார்கள். கையில் பெரிய முதல் இல்லாதவருக்கும் இந்த ஊரில் பிழைக்க ஒரு மூலை கிடைத்தது.

அப்போ இப்போ என்ன பிரச்சினை?

வியாபாரம் பிழைத்திருக்கிறது. கட்டடங்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. காரணங்கள் சிக்கலானவை.

ஒன்று, சொத்துரிமை. முற்றமும் தூண்களும் வைத்த பழைய வீடுகள் பல, வாரிசுகளிடையே பங்கு பிரிந்து கிடக்கின்றன. பழைய குடியிருப்பாளர் தரும் வாடகையில் மரக்கூரையைப் பழுதுபார்க்க முடியாது. கிடங்காக மாற்றினால் கூடுதல் வாடகை. இடித்து நாலு மாடி கட்டினால் இன்னும் லாபம்.

இரண்டு, பாதுகாப்பு. மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் போட்ட தெருக்களில் இன்று துணி, காகிதம், பிளாஸ்டிக், ரசாயனம் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தீப்பிடித்தால் வண்டி உள்ளே நுழைவதே கஷ்டம். தலைமைத் தபால் நிலையமே 2000-ல் ஒரு பெரிய தீ விபத்தைச் சந்தித்தது. சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது, அந்தக் கட்டடமே நகரத்தை விட்டுப் போனது.

மூன்று, சட்டம். தமிழ்நாட்டில் மரபுரிமைக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டாலும், நடைமுறைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நீதிமன்றம் அமைத்த குழு ஒன்று சென்னையில் 400-க்கும் மேற்பட்ட மரபுரிமைக் கட்டடங்களை ஏற்கெனவே பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் ஜார்ஜ் டவுனின் சிறப்பு தனித்தனிக் கட்டடங்களில் மட்டும் இல்லை. கீழே கடை, மேலே வீடு, மூலையில் கோயில், அடுத்த தெருவில் மசூதி, அதற்கடுத்து தேவாலயம் என்ற மொத்த அமைப்பில் இருக்கிறது. ஒரு தேவாலயத்தைப் பட்டியலில் சேர்க்கலாம். ஒரு கடைத்தெருவின் வாழ்க்கையை எப்படிச் சேர்ப்பது?

‘எல்லாத்தையும் ஊருக்கு வெளியே மாத்திடலாம்’ என்பது எளிய யோசனை. நெரிசல் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு தெருவின் வியாபாரம் வெளியேறினால் கடைக்காரரோடு மூட்டை தூக்குபவர், டீக்கடைக்காரர், பைண்டிங் செய்பவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர் என எல்லோருடைய கூலியும் சேர்ந்து வெளியேறும். புது இடத்தில் இவர்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கும் அந்தத் திட்டங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் நடந்து பார்க்கலாம்

2019 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் இந்தப் பகுதியின் அடியில் இயங்குகின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லாமல் போய் வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தலை நிமிர்ந்து மாடிகளைப் பார்க்க வசதி.

உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, முதலில் டேர் ஹவுஸ் பக்கத்துத் தூணைத் தேடிப் பாருங்கள். அதற்குத் தெற்கே ஓர் ஊர் இருந்தது. அதை ஓர் உத்தரவு அழித்தது, அது ஆவணங்களில் இருக்கிறது. அடுத்து, தம்புச் செட்டித் தெரு வழியாக வடக்கே நடந்துபோங்கள். இரண்டு பக்கமும் பழைய தூண் வைத்த திண்ணை எத்தனை, புதுக் கண்ணாடி முகப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டே போங்கள். இந்த ஊரை இடிக்க யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் அடுத்த முறை வரும்போது எண்ணிக்கை மாறியிருக்கும்.